குறை சொல்லி விற்ற வண்டி

மூடுபனி இறங்கிய நாளில் வண்டிச் சந்தைக்குப் போகக் கூடாது என்றான் என் மகன் ஃபைஹான். பனியில் கிழட்டு வண்டியும் புதுப்பெண் மாதிரித் தெரியுமாம். அவன் சொன்னது பொய்யில்லை. புரைதா ஊருக்கு வெளியே அந்தப் பெரிய பொட்டலில் வனேத்துகள் வரிசை வரிசையாக நின்றிருந்தன. பின்பக்கம் திறந்த சரக்கு வண்டியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். தூரத்தில் ஒரு மூக்கு மட்டும் தெரியும். கிட்டப் போகப் போக விளக்கு, கதவு, சக்கரம் என்று ஒவ்வொன்றாக முளைக்கும். தாண்டிப் போய்த் திரும்பினால் வண்டி இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. மனிதர்களும் அப்படித்தான், குரல் முதலில் வரும், ஆள் பிறகு வருவார்.

நான் தர்ஃபா. நஃபூத் மணலின் ஓரத்தில் கூடாரம் போட்டு ஒட்டகம் வளர்க்கிறவள். ஃபைஹான் பால்குடி மறப்பதற்கு முன்பே எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். பெண்களுக்கு லைசென்ஸ் என்று ஒன்று வந்ததெல்லாம் இப்போதுதான். மணல் என்னிடம் எந்தக் காலத்தில் லைசென்ஸ் கேட்டது?

என் புருஷன் ஹத்தால் என் தோளில் கை வைத்துக்கொண்டு பின்னால் வந்தார். அவருக்குப் பார்வை போய்விட்டது. முழு இருட்டு இல்லை. உலகமே எப்போதும் இந்தப் பனி மாதிரி இருக்கும் என்பார். "இன்னிக்கு நீங்க எல்லாரும் என் ஊருக்கு வந்திருக்கீங்க" என்று ஃபைஹானிடம் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் எங்கள் ஒட்டகங்களை ஓட்டிப் போக ஒரு வியாபாரி வருவதாக இருந்தான். அதற்குள் நல்ல வண்டி ஒன்று கிடைக்காவிட்டால், கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஃபைஹான் வீட்டு மாடி அறைக்குப் போக வேண்டியதுதான் என்று பேச்சு முடிந்திருந்தது.

எல்லாம் போன கோடையில் வந்த வினை. எங்கள் பழைய வண்டியை வாங்கியவர் ஹத்தால்தான், கண் நன்றாக இருந்த காலத்தில். விற்றவன் எங்கள் குலத்தான். குலத்தானுடைய வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பது அவனைப் பொய்யன் என்று சொல்வது போல ஆகிவிடுமாம். முகதாட்சண்யம்! இவர் நிமிர்ந்தே நின்றார். "இரும்புக் குவியலை விக்கிறேன்" என்றான் அவன். "வாங்கினேன்" என்றார் இவர். எங்கள் சந்தையில் இரும்புக் குவியல் என்று சொல்லி விற்றாகிவிட்டால் பிறகு எஞ்சின் கழன்று விழுந்தாலும் விற்றவனைக் கேட்க முடியாது. சிலர் அதையே "தண்ணியில கரைஞ்ச உப்பு" என்பார்கள். கரைந்த உப்பைத் திருப்பிக் கேட்கிற பைத்தியம் உண்டா?

கோடையில், தொட்டித் தண்ணீரை ஒட்டகங்களுக்கு ஊற்றிவிட்டுத் திரும்பும் வழியில், எஞ்சின் கொதித்து ஆவி கக்கி நின்றுவிட்டது. தொட்டி காலி. தார்ச்சாலை எங்கேயோ. வண்டியின் நிழலில் படுத்தோம். நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்தோம். கடைசியில் தொலைந்த ஒட்டகத்தைத் தேடி வந்தவன் ஒருவன் கண்ணில் பட்டதால் பிழைத்தோம்.

அன்றைக்கு ஹத்தால் சொன்னது இன்னும் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. "வண்டி நின்னா வழி கண்டுபிடிக்க இனி என்னால ஆகாது, தர்ஃபா. என்னைத் தனியா விட்டுட்டு நீயும் நடக்க மாட்டே. என் பக்கத்துல உக்காந்தே செத்துப் போவே. எனக்குச் சாவு பயமில்ல. உன் சாவு என் கணக்குல வர்றதுதான் பயம்."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. சண்டை போட்டேன், அழுதேன், ரெண்டு நாள் பேசாமல் இருந்தேன். கடைசியில் இறங்கி வந்தார். "நான் நம்பி ஏறி உக்கார்ற மாதிரி ஒரு வண்டி காட்டு. அப்புறம் பாக்கலாம்." அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தவணை.

முதலில் ஒரு வெள்ளை வண்டி. பளபளவென்று கண்ணைப் பறித்தது. தொப்பை வைத்த சொந்தக்காரன் நான் வாய் திறப்பதற்குள் சாவியைத் திருகினான். எஞ்சின் பூனை போல முனகியது, புகையே இல்லை.

"இப்பத்தான் வீட்டிலேருந்து ஓட்டிட்டு வந்தேன், அக்கா. ஒரே கை பட்ட வண்டி. என் கல்யாணத்துக்கு வாங்கினது."

நான் வண்டியைச் சுற்றி வந்தேன். கூரையிலும் கண்ணாடியிலும் பனித்தண்ணீர் முத்து முத்தாக நின்றது. பானெட் மட்டும் காய்ந்து கிடந்தது.

"ஓட்டிட்டு வந்த வண்டிக்குக் கண்ணாடி பூரா இவ்வளவு பனி எப்படிப்பா? ராத்திரி பூரா இங்கதான் நின்னிருக்கு. நாங்க வர்றதுக்கு முன்னாடி எஞ்சினைச் சூடாக்கி வச்சிருக்கே. ஆறின எஞ்சினை எழுப்பினா புகையைக் கக்கும், அதானே?"

அவன் பானெட்டைத் தடவிக்கொண்டே பனிக்குள் எதையோ தேடுகிறவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அடுத்ததில் ஆயில் மூடியைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் பால் ஆடை மாதிரி வெளுப்பாக ஒட்டியிருந்தது. எஞ்சினுக்குள் ஆயிலும் தண்ணீரும் கலந்தால் அப்படித்தான் ஆகும். எங்கள் பழைய வண்டியிலும் இது இருந்திருக்கும், யாராவது மூடியைத் திறந்திருந்தால். மூடியைத் திருகி மூடுகிற சத்தத்திலேயே ஹத்தால் புரிந்துகொண்டார்.

"திட்டணும்னா திட்டிடு. மனசுல வச்சுக்காதே" என்றார்.

"மனசுல இடமில்ல. எல்லாம் ஏற்கனவே திட்டியாச்சு."

ஃபைஹான் பின்னாலேயே வந்து ஓதிக்கொண்டிருந்தான். "யும்மா, ரூமுக்கு ஏசி போட்டாச்சு. ஜன்னல்லேருந்து பாத்தா பேரீச்சந்தோப்பு தெரியும். பேரப்பிள்ளைங்க தாத்தா எப்ப வருவாருன்னு கேட்டுக்கிட்டே இருக்குதுங்க." நல்ல பிள்ளைதான். ஆனால் அந்த ஜன்னலை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது. ஜன்னல் வழியாகப் பார்க்கவா அல்லாஹ் எனக்கு இத்தனை பெரிய வானத்தைக் கொடுத்தான்?

அப்போதுதான் அந்த மணல் நிற வண்டி பனியை விலக்கிக்கொண்டு வந்து நின்றது. வண்டி நகரவில்லை, நான்தான் அதை நோக்கி நடந்தேன். ஆனால் எனக்கு அப்படித்தான் தோன்றியது. பானெட்டில் பனி. ஆயில் தேன் நிறம். ஆறிய எஞ்சின் சாவி தொட்டவுடன் எழுந்தது. கியர் வெண்ணெய். நாலு சக்கரமும் இழுக்கிற கம்பியைத் தள்ளினேன், மறுப்பே சொல்லாமல் விழுந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணை மூடினேன். வசந்த காலம் வந்துவிட்டது. மழைக்குப் பிறகு முளைத்த பசும்புல்லில் ஒட்டகக் குட்டிகள் தடுமாறி ஓடுகின்றன. வண்டியின் பின்னால் ஹத்தால் மல்லாந்து படுத்து ஏதோ பழைய பாட்டை இழுத்து இழுத்துப் பாடுகிறார். அந்தப் பாட்டு என் காதில் நிஜமாகவே கேட்டது. நான் ஏற்கனவே வீடு போய்ச் சேர்ந்துவிட்டேன்.

"அடியில பாத்தியா?" என்றார் ஹத்தால், கதவுக்கு வெளியே நின்று.

எனக்குச் சுருக்கென்றது. பார்க்கவில்லை. அழகைக் கண்டு நானும் நிமிர்ந்தே நின்றுவிட்டேன். அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

இறங்கி, மேலங்கியான அபாயாவைச் சுருட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தேன். "யும்மா! ஜனங்க பாக்கறாங்க!" என்றான் ஃபைஹான். பார்க்கட்டும். வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸ் முழுக்கப் புதுக் கறுப்புப் பெயிண்ட். சாவியால் சுரண்டினேன். பெயிண்டோடு சேர்ந்து இரும்பும் அடுக்கு அடுக்காக உதிர்ந்து என் கன்னத்தில் விழுந்தது. கூடவே ஒரு வாசனை. எனக்கு அது என்ன என்று உடனே பிடிபடவில்லை. பிறகு தெரிந்தது. மக்காவுக்குப் புனிதப் பயணமாக உம்ரா போனபோது ஜித்தாவில் ஒரே ஒரு முறை கடலைப் பார்த்தேன், அப்போது அடித்த அதே காற்று. இந்த வண்டி கடற்கரையில் மீன் சுமந்த வண்டி. எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்து என்ன? எலும்பை உப்பு தின்றுவிட்டது.

அடியில் அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தேன். வெளியே வர மனசில்லை. வசந்தமும் குட்டிகளும் பாட்டும் கலைந்து போயின. அழுகை வந்தது. அதற்குப் பின்னாலேயே கோபமும் வந்தது.

வெளியே வண்டியின் சொந்தக்காரன் முக்பில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தான். இந்தச் சந்தையில் வாங்கி இந்தச் சந்தையிலேயே விற்றுப் பிழைக்கிறவன், வாயில் சர்க்கரை மூட்டை. தாயை உம்மு, தகப்பனை அபூ என்று பிள்ளை பெயரோடு சேர்த்துத்தான் எங்கள் பக்கம் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். "இரும்புக் குவியல்தான் விக்கிறேன், உம்மு ஃபைஹான்! தண்ணியில கரைஞ்ச உப்பு! சம்மதமா?"

நான் கைநிறையத் துருவோடு எழுந்து வந்து அவன் முன்னால் நீட்டினேன். "இவ்வளவு யோக்கியனா நீ? உப்புன்னு வாய்விட்டே சொல்லிட்டியே! கரைஞ்சது உப்பு இல்லப்பா, உன் சேஸிஸ்!"

பனிக்குள்ளிருந்து யார் யாரோ சிரித்தார்கள். முகங்கள் தெரியவில்லை, சிரிப்பு மட்டும் நாலு பக்கமும் கேட்டது. முக்பிலின் காது சிவந்துவிட்டது.

"நான்தான் உப்புன்னு சொல்றேனே, அக்கா. சொல்லிட்டுத்தானே விக்கிறேன்."

"தெரியாத குறைக்குத்தான் அந்த வார்த்தை. தெரிஞ்சே பூசி மெழுகிட்டுச் சொன்னா, சந்தையில செல்லும். மேல செல்லாது."

ஆள் கெட்டவனில்லை, தொழில் அப்படி ஆக்கியிருந்தது. கொஞ்சம் தயங்கி, "வாங்க, ஒரு வாய் காபி குடிங்க. கோபத்தோட போகாதீங்க. அபூ ஃபைஹான், வாங்க" என்று ஹத்தாலின் கையைப் பிடித்து அழைத்துப் போனான்.

வரிசைக்கு வெளியே அவனுடைய சொந்த வண்டி நின்றிருந்தது. அதன் பின்கதவை இறக்கி, அதன்மேல் காபிக் கூஜாவும் பேரீச்சம்பழத் தட்டும் வைத்திருந்தான். ஹத்தாலைப் பெட்டி ஒன்றில் உட்கார வைத்தான். நான் நின்றேன். அப்போதுதான் அந்த வண்டியைப் பார்த்தேன். சாம்பல் நிறம், அதுவும் பாதி வெயிலில் போயிருந்தது. பக்கவாட்டில் ஆட்டுக்கொம்பு இடித்த பள்ளங்கள். முன் கண்ணாடியில் மூலைக்கு மூலை ஒரு கீறல். ஆனால் நாலு டயரும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. அடியில் மணலில் ஒரே ஒரு எண்ணெய்ப் பொட்டு. இந்த முறை நான் மறக்கவில்லை. பேரீச்சம்பழம் கீழே விழுந்தது போலக் குனிந்து சேஸிஸைப் பார்த்தேன். துரு இருந்தது, மேல்துரு. பூச்சு இல்லை, ஒட்டு இல்லை. கதவு திறந்திருந்தது. சீட்டுக்குக் கீழே ஒரு சின்னப் பிள்ளையின் செருப்பு கிடந்தது.

முக்பில் காபி ஊற்றி நீட்டினான். வாங்கினேன். குடிக்காமல் அவன் முன்னால், பின்கதவின்மேல் வைத்தேன்.

எங்கள் ஜனங்களுக்கு அதற்குமேல் பேச்சு தேவையில்லை. விருந்தாளி கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்தால், உன்னிடம் ஒரு வேண்டுதலோடு வந்திருக்கிறேன் என்று அர்த்தம். அதை நிறைவேற்றாமல் காபியை ஆற விடுகிறவன் பெயர் கெட்டுப் போகும். ஆனால் அதெல்லாம் பெண் கேட்கவும் ரத்தப்பழி தீர்க்கவும் பெரிய மனிதர்கள் கூடாரத்தில் செய்வது. வண்டிச் சந்தையில், ஒரு பெண்பிள்ளை, அதுவும் ஒரு தரகன் முன்னால் செய்து யாரும் பார்த்ததில்லை. சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். கோப்பை தகரத்தில் பட்ட சத்தம் கேட்டதுமே ஹத்தாலின் முகம் வெளுத்தது.

"தர்ஃபா, குடி" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"குடிக்க மாட்டேன்."

முக்பில் என்னைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். துருப்பிடித்த வண்டியை விற்க வந்ததற்கு மன்னிப்புக் கேட்கச் சொல்வேன், இல்லை விலையைக் குறைக்கச் சொல்வேன் என்று நினைத்திருப்பான். நெஞ்சில் கை வைத்தான். "குடிங்க, அக்கா. எதுக்கு வந்தீங்களோ அது ஆச்சு."

"நீ சாஞ்சு நிக்கிறியே, இந்த வண்டி. நியாயமான விலைக்கு எனக்கு வேணும்."

அவன் சுட்டது போல வண்டியிலிருந்து முதுகை எடுத்தான். "இதா? ஐயோ, இது விக்கிறதுக்கு இல்ல!"

"தெரியும். அதனாலதான் கேக்கறேன். அங்க நிக்கிற வண்டிங்கள்ல எதுலயாவது உன் பிள்ளைங்களை ஏத்துவியா?"

ஃபைஹான் என் கையைப் பிடித்து இழுத்தான். "யும்மா, இந்தத் தகர டப்பாவா? இதுக்கு அந்த வெள்ளை வண்டியே தேவலையே!" நான் அவன் கையைத் தட்டிவிட்டேன்.

"வாக்கு குடுத்துட்டே முக்பிலு, இனி உன் பாடு" என்று பனிக்குள்ளிருந்து ஒரு கிழவர் குரல் வந்தது. முக்பில் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு சிரித்துவிட்டான், தோற்றுப்போனவன் சிரிப்பு. "என் பொண்டாட்டி என்னை வீட்டுக்குள்ள விட மாட்டா. சரி. குடிங்க."

"இன்னும் முடியல. இரும்புக் குவியல்னு சொல்லக் கூடாது. குறையைச் சொல்லு. இவர் காதுல விழற மாதிரி சொல்லு."

முக்பில் ஹத்தாலின் முன்னால் குந்தி உட்கார்ந்தான். முதலில் சந்தைக் குரலில் ஆரம்பித்தான், இரண்டு வார்த்தைக்குள் குரல் இறங்கிவிட்டது. "காலையில ரெண்டாவது கியர் கடிக்கும், அபூ ஃபைஹான். திட்டாதீங்க, கொஞ்சம் சூடானா தானா விழும். எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவுல லேசா எண்ணெய் கசியும், எப்பவும் ஒரு பொட்டு. ரெண்டு பொட்டா ஆனா மெக்கானிக்கிட்ட போங்க. ஸ்டார்ட்டர் சில நாள் முறைச்சுக்கும், சுத்தியால ஒரு தட்டு தட்டினா போதும். ரேடியேட்டர் புதுசு, நான்தான் மாத்தினேன். பழைய ஹோஸ் ஒண்ணு இன்னும் இருக்கு, கோடைக்கு முன்னாடி மாத்திடுங்க. கட்டாயம் மாத்திடுங்க. ஏசி கிடையாது. இடது பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் ஒண்ணு வெல்டிங். மணல்ல டயர் காத்தை இறக்கிட்டா எங்க வேணா ஏறும். இதுவரைக்கும் என்னை எங்கயும் விட்டுட்டு நின்னதில்ல."

ஹத்தால் கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் முடித்த பிறகும் கேட்டுக்கொண்டிருப்பது போலத் தலையைச் சாய்த்திருந்தார். அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று என்னால் படிக்க முடியவில்லை.

நான் கோப்பையை எடுத்துக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. அதைவிட ருசியான காபியை நான் குடித்ததில்லை.

ஓட்டிப் பார்த்தேன். ரெண்டாவது கியர் கடித்தது, அவன் சொன்னபடியே. பிரேக் போட்டால் நேராக நின்றது. மண்மேட்டில் ஏற்றினேன், முனகாமல் ஏறியது. விலை பேசினோம், அவனும் அநியாயம் கேட்கவில்லை, நானும் அடித்துப் பேசவில்லை. அவனுக்கு என் மேல் கோபமா என்று கேட்டேன். "கோபம்தான். இனி உங்க கையில கோப்பை குடுத்தா குடிச்சு முடிக்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றான். சீட்டுக்குக் கீழே கிடந்த செருப்பை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பனிக்குள் போய்விட்டான்.

ஃபைஹான் சந்தை வாசலில் எங்களிடம் விடைபெற்றான். "யுபா, கடைசியா என்ன முடிவு? அந்த வியாபாரிக்கு நான் என்ன சொல்றது?" என்று அப்பாவைக் கேட்டான். ஹத்தால் கதவைத் தடவித் திறந்து, சீட்டைத் தடவிப் பார்த்து, ஏறி உட்கார்ந்தார். ஃபைஹான் என்னைப் பார்த்தான். எனக்கும் தெரியவில்லையே மகனே என்று கண்ணால் சொன்னேன்.

சாலையில் பனி இன்னும் விலகவில்லை. விளக்கொளி பத்தடிக்கு மேல் போகவில்லை. வண்டி ஓடுகிறதா, உலகம்தான் எங்களைத் தாண்டிப் பின்னால் போகிறதா என்று தெரியாத மாதிரி இருந்தது. வேலியோரத்து ஒட்டகம் ஒன்று தோன்றி மறைந்தது. ஒரு பள்ளிவாசல் மினாரின் பச்சை விளக்கு, கீழே மினாரே இல்லாமல், தனியாக மிதந்தது. ஹத்தால் எஞ்சினைக் கேட்கிறாரா, தன் பயத்தைக் கேட்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

முன்னால் சாலை பிரியும் இடம் வந்தது. வலது பக்கம் ஊர், ஃபைஹான் வீடு. இடது பக்கம் மணல். வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை. என் இஷ்டத்துக்குத் திருப்பியிருக்கலாம், அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அப்படித் திருப்பி என்ன பயன்? பயந்துகொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனுஷனை வைத்துக்கொண்டு எந்த மணலில் வாழ்வது? வேண்டாம் என்று அவர் சொன்னால் வலது பக்கம் போவது என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டேன்.

வண்டி மெல்ல நடுங்கியபடி நின்றது.

"தர்ஃபா."

"சொல்லுங்க."

"வெள்ளிக்கிழமையாச்சே. ஒட்டகத்துக்குப் பார்லி வாங்கணும், கடை திறந்திருக்குமா?"

முகத்திரையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"தொழுகைக்கு முன்னாடி போனா திறந்திருக்கும்" என்றேன்.

"அப்ப ஏன் நிக்கிறே? போ."

முதல் கியரைப் போட்டு இடது பக்கம் திருப்பினேன்.